மின்குமிழ்க்காரரின் நாலாம் பக்கம்

அந்தப் புத்தகத்தில் மின்குமிழைக் கண்டுபிடித்தவரின் முகம் பிழையாக இருந்தது. போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கடையில் சிறுவர் புத்தகங்களைக் கிளறிக்கொண்டு நின்றபோது கையில் அகப்பட்டது அது. விஞ்ஞானிகளின் வாழ்க்கையைப் படம் படமாகச் சொல்லும் புத்தகம். வழுவழுப்பான தாள், பக்கத்துக்கு இரண்டே வரி, கண்ணைப் பறிக்கும் நிறங்கள். நேரே மின்குமிழ்க்காரரின் பக்கத்துக்குப் போனேன். படிய வாரிய தலை, வெளுத்த முகம், கழுத்தில் பட்டி. எல்லாம் சரி, இடது புருவத்தின் மேல் இருக்க வேண்டிய தழும்பைக் காணவில்லை. நெற்றி கழுவிவைத்த பீங்கான் மாதிரி இருந்தது. "இது அவரில்லையே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடையில் நின்ற பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ யோசனையில் சொன்னேன் என்று சமாளித்துவிட்டு, அந்தப் புத்தகத்தையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிழையான முகம் என்று தெரிந்தும் ஏன் வாங்கினேன் என்று பஸ் ஏறும்வரை என்னையே ஏசிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் சொல்லப்போவதில் நடந்த கெடுதிக்கு அதுதான் காரணம். தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, தர்மபுரத்தில் ஒரு உறவினரின் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கட்டிய பை ஒன்று எப்போதும் கதவடியில் இருக்கும். அதை அவிழ்த்து அடுக்கவும் மனம் வராது, கண்ணில் படாமல் வைக்கவும் மனம் வராது. கிடுகால் வேய்ந்த ஒரு முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனேன். படிப்பிக்கும் ஆசையில் போனேன் என்று இப்போது சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில், கொட்டிலுக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று போனேன். பள்ளியில் ஒரு புத்தகமும் இல்லை. வவுனியாவைத் தாண்டிப் பொருட்கள் வரத் தடை இருந்த காலம். சில சாமான் அளந்து வரும், சில வரவே வராது.

அந்த நேரத்தில், இடம்பெயர்ந்து வந்த யாரோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்த பழைய புத்தகங்களை, நெல்மூடை வைக்க இடமில்லை என்று எங்கள் தலையில் கட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் பாதி கறையான் மண். அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு படப்புத்தகம் தப்பியிருந்தது. விஞ்ஞானிகள், கண்டுபிடிப்பாளர்கள், ஆளுக்கு நாலு பக்கம். கறையான் மேல் விளிம்பிலிருந்து தின்றுகொண்டு வந்ததால் ஒருவருக்கும் தலை இல்லை. கோட்டும் பட்டியும் போட்ட முண்டங்கள் குழாயும் குடுவையுமாக மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இதைத் தமிழில் பெரிதாகக் கீறிவிடலாம் என்று அன்றைக்கே தொடங்கினேன். கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், சிவப்புக்குச் செம்மண், ஊதாவுக்குப் பசளிப்பழம். உடம்பைப் பார்த்துக் கீறியாயிற்று. முகத்துக்கு என்ன செய்வது? பார்க்காத முகத்தை என்னால் கீற முடியாது. மனதிலிருந்து கீறினால் எல்லாம் பூசணிக்காய்தான். ஆகவே ஊருக்குள் முகம் தேடிப் போனேன்.

அப்பிள் விழுவதைப் பார்த்தவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் முகம் கொடுத்தார். வழுக்கை தெரியக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. ரேடியத்தைக் கண்டெடுத்த பெண்ணுக்கு எங்கள் மருத்துவிச்சி அம்மா. மின்குமிழுக்கு யார் என்று நான் யோசிக்கவே இல்லை. கரண்ட் கம்பங்கள் கம்பியில்லாமல் நின்றன, அவற்றில் மாடு கட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் எரிந்து பார்த்த ஒரே மின்குமிழ், சந்தியில் இருந்த சைக்கிள் கடையில், பின்சில்லைத் தூக்கிச் சுழற்றும்போது டைனமோவில் மினுங்கும் சின்னக் குமிழ்தான். பள்ளி விட்டால் அதைப் பார்க்கவென்றே போய் நிற்பார்கள். எனவே மின்குமிழ்க்காரர் சைக்கிள்கடை அண்ணைதான்.

அவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், வேதக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை. கரையில் இருந்தபோது மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். ஒருமுறை எஞ்சின் இழுக்கும் கயிறு அறுந்து முகத்தில் அடித்ததில் வந்த தழும்புதான் புருவத்தின் மேல் இருந்தது. மனைவி கரையிலேயே காய்ச்சலில் போய்விட்டா, பிள்ளைகள் இல்லை. கடலை விட்டு எழும்பி வந்து, எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாத இடத்தில், சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதிகம் கதைக்கமாட்டார். ஓரிடத்தில் இருக்கமாட்டார். நின்றபடி சாப்பிடுவார். காற்று மாறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு றோட்டுக்கு வந்து மூக்கை நிமிர்த்துவார். அங்கே மணக்க என்ன இருக்கிறது, வயல்சேறும் சாணியும்தான். திரும்பப் போய்க் குனிந்துகொள்வார்.

அவரை இருத்திக் கீற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூன்று நாள் போனேன், மூன்று நாளும் சண்டை. அசையாமல் இருங்கோ என்று கத்தியபோது, "கடலிலை நிண்டவன் ரீச்சர். அசையாமல் இருந்தா எனக்குத் தலை சுத்தும்" என்றார். கடைசியில் சில்லின் கோணல் பார்க்க அவர் ஒற்றைக் கண்ணை மூடி, கம்பிகளுக்கு நடுவே பார்த்த அந்த நேரத்தில் பிடித்துவிட்டேன். அந்த முகத்தைக் கோட்டுக்கும் பட்டிக்கும் மேலே வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு என்னுடைய தழும்பு எதற்கு என்று கேட்டார். இருப்பதை விட்டுவிட்டுக் கீற எனக்குத் தெரியாது என்றேன்.

அவருடைய நாலு பக்கமும் இப்படி. முதலாவதில் சாமான்களை உடைத்துப் பார்க்கும் சின்னப் பையன். இரண்டாவதில் அயலவர்கள் சிரிக்கிறார்கள். மூன்றாவதில் கருகிப்போன குமிழ்கள் குவியலாகக் கிடக்க, நடுவில் அவர். நாலாவதில் குமிழ் எரிகிறது, எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். விஞ்ஞானிகளைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும் புத்தகங்கள் எல்லாமே இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் எத்தனை வருடம் போனது, யார் யாரெல்லாம் அதில் அடிபட்டுப் போனார்கள் என்று ஒரு புத்தகமும் சொல்லாது. தாளைப் புரட்டினால் வெளிச்சம். நானும் அப்படித்தான் கீறினேன். மூன்றாம் பக்கம் எனக்கு மிக லேசாக இருந்தது, கரியைத் தேய்த்தால் போதும்.

புத்தகத்தைக் காட்டிய அன்று பள்ளிக்கூடம் இரண்டுபட்டது. மனேச்சரையும் மருத்துவிச்சி அம்மாவையும் கண்டுபிடித்துக் கூத்தாடினார்கள். இவர்கள் முகம் மட்டும்தான் கடன் கொடுத்தவர்கள், செய்தவர்கள் வேறு ஆட்கள் என்று விளங்கப்படுத்தினேன். பெரும்பாலான பிள்ளைகள் தலையாட்டினார்கள். சின்னவளுக்கு மட்டும் அதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

சின்னவள் என்று தாய் கூப்பிடுவதால் எங்களுக்கும் சின்னவள். ஆறு வயது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த வயல்காரர்களின் பிள்ளை. காது கேளாது. பெரியாஸ்பத்திரியில் எப்போதோ கொடுத்த காது மெசின் ஒன்று வைத்திருந்தாள். சின்னப் பெட்டி, துணிப்பையில் நெஞ்சில் தொங்கும், ஒரு வயர் காதுக்குப் போகும். அதற்கு விரலளவில் ஒரு பென்ரோச் பற்றறி போட வேண்டும். வராத சாமான்களில் பற்றறியும் ஒன்று. இருந்த பற்றறிகளைத் தாய் வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணீர் விட்டு, பல்லால் கடித்துக்கூடப் பார்த்து ஒரு வருடம் ஓட்டினா. பிறகு மெசின் செத்துவிட்டது. அது கேட்ட காலத்தில் அம்மா, வா, தண்ணி, ஆடு என்று இருபது சொல்லுக்கு மேல் பழகியிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. "போன கிழமை ஆடு போயிட்டுது ரீச்சர்" என்று தாய் ஒருநாள் சொன்னா, வளவில் கட்டியிருந்த ஆட்டையே யாரோ அவிழ்த்துக்கொண்டு போன மாதிரி. மிச்சம் நாலைந்து சொல்தான். கேட்காமலே இருந்தால் அவையும் போய்விடும், பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம்.

புத்தகத்தை ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விட்டிருந்தேன். சின்னவள் கொண்டுபோனதற்கு அடுத்த நாள் காலை, சைக்கிள்கடை அண்ணை பள்ளி வாசலில் வந்து நின்றார். அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி சின்னவள். ஒரு கையில் காது மெசின், கக்கத்தில் புத்தகம்.

"நீங்கள் செய்த வேலையைப் பாருங்கோ ரீச்சர்" என்றார். "உதிலை இருக்கிறது நான்தான் எண்டு நம்பிக்கொண்டு வந்து நிக்கிறாள். நானில்லை எண்டு சொல்லிவிடுங்கோ."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சாக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்ல எனக்கு விருப்பமில்லை, அதுதான் உண்மை. நான் கீறிய படம் ஒன்றை ஒரு பிள்ளை இவ்வளவு நம்புகிறதே என்று உள்ளுக்குள் பெருமை, புழுகம். டைனமோவில் றேடியோ பாடவைக்கிறீர்கள்தானே, இதையும் பேசவைத்துப் பாருங்கோ என்றேன். அது வேறு இது வேறு என்றார். றேடியோ தாங்கும் பலத்தை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது, செத்த றேடியோவிலிருந்து ஒன்றிரண்டு சாமான் கழற்றிப் போட்டு, முதலில் வேறெதிலாவது சோதிக்கவேண்டும், ஒரு கிழமை பொறுங்கோ என்றார். ஒரு கிழமையா? அதற்குள் இன்னொரு சொல் விழுந்துவிடும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். காலையும் மாலையும் போய் அரித்தேன். நாலாம் நாள் மனிதர் அலுத்துப்போய்ச் சரியென்றார்.

தாயையும் கூப்பிட்டோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பக்கத்தில் ஒரு குமிழையும் கொளுவினார். மிதிக்க நான் ஏறினேன். வயரைப் பிடித்துக்கொண்டிருக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். குமிழ் சிவப்பாக மட்டும் இருக்கவேண்டும், வெள்ளையானால் எல்லாம் போச்சு என்று இரண்டு தரம் சொன்னார். மெதுவாக மிதித்தேன். குமிழுக்குள் ஒரு சிவப்புக் கீறு தெரிந்தது. சின்னவளின் பின்னால் நின்று தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. பிள்ளை சட்டென்று திரும்பினாள். தாயின் வாயைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு தாய் இன்னொருமுறை தொண்டைக்குள்ளேயே முனக, பிள்ளை சிரித்தாள். "அம்மா" என்றாள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் தெரியவில்லை. இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். அல்லது ஒன்றுமே தோன்றவில்லை, கால் தன்பாட்டில் போனது. அண்ணை கத்தியது கேட்டு நான் குனிந்தபோது குமிழ் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு நூல் புகை. மிதித்தது நான்தான். வேறு யாரையும் இதில் இழுக்க முடியாது.

தாய் பிள்ளையின் காதிலிருந்து வயரைக் கழற்றினா. சீலைத் தலைப்பால் அந்தக் காதைத் துடைத்துவிட்டா. "ரீச்சருக்கு எப்பவும் ஒரு அவசரம்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு அறைந்திருக்கலாம்.

சின்னவள் அழவில்லை. பெட்டியை வாங்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். பிறகு நிலத்தில் குந்தி, புத்தகத்தை விரித்து, மூன்றாம் பக்கத்தில் நான் கரியால் கீறியிருந்த குவியலின் மேல் அந்தப் பெட்டியை அளவெடுத்து வைத்தாள். சரியான இடத்தில் வைத்துவிட்டோமா என்று ஒருமுறை பார்த்தாள். நாலாம் பக்கத்தைப் புரட்டி, எரிகிற குமிழைத் தொட்டு, அண்ணையை நிமிர்ந்து பார்த்தாள். கருகுவது கணக்கில் உள்ளதுதான், அடுத்தது எப்போது என்கிற பார்வை. அவரால் அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. கடைக்குள் போய், திரும்பி வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போனார்.

அன்றைக்குப் பின்னேரம் நான் போய், இப்போதாவது அவளுக்கு உண்மையை எப்படியாவது காட்டிவிடுவோம் என்று அழுதேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இனிச் சொல்லாதேங்கோ. மெசினைப் பறிச்சாச்சு. இப்ப உந்த நம்பிக்கையையும் பறிக்கப்போறியளோ?"

அதற்குப் பிறகு நாலைந்து மாதம். வவுனியா போய் வேறு மெசின் எடுக்கலாம் என்றால், போகப் பாஸ் வேண்டும், பிணைக்கு ஆள் வேண்டும். சின்னவளின் தாய் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தா, ஒரு பதிலும் வரவில்லை. அண்ணை ஊரெல்லாம் போய்ச் செத்த றேடியோக்களைச் சேர்த்தார். எஞ்சின் திருத்திய கை, மண்ணெண்ணெய் மணக்கும் தடித்த விரல்கள், அந்த மயிர்க்கம்பிகளைப் பிடிக்க ஏலாமல் நழுவவிட்டன. சைக்கிள் கம்பியைத் தணலில் காய்ச்சி ஈயம் ஒட்டினார். ஒட்டுப் போட வந்தவர்கள், அண்ணை இப்போது விஞ்ஞானியாம் என்று பகிடி பண்ணினார்கள். நான் கீறிய இரண்டாம் பக்கம் என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. எனக்கோ வீட்டிலும் இருக்க முடியாது, கடையடியிலும் நிற்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று தரம் போவேன். "நீங்கள் இஞ்சை நிண்டா எனக்குக் கை ஓடுதில்லை ரீச்சர்" என்று துரத்துவார். பழுதானதையெல்லாம் கடைவாசலில் ஒரு எண்ணெய்த் தகரத்துக்குள் எறிவார். சின்னவள் பள்ளி விட்டதும் வந்து முதலில் அந்தத் தகரத்துக்குள் எட்டிப் பார்ப்பாள். குவியல் ஏறியிருந்தால் அவளுக்குச் சந்தோசம். நிரம்ப நிரம்ப நாலாம் பக்கம் கிட்டுகிறது என்பது அவள் எண்ணம்.

அது ஒரு தற்செயலில்தான் வந்தது. ஒரு நிலையமும் பிடிக்காத பழைய றேடியோ ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர், சத்தம் கூட்டும் திருகியின் அடியில் விரல் பட்டதும் அது 'ம்ம்' என்று உறுமியதைக் கவனித்தார். விரல் தொட்டதையே பெரிதாக்குகிற சாமான் குரலைப் பெரிதாக்காதா? இன்னொரு றேடியோவின் சின்ன ஸ்பீக்கரை அந்த இடத்தில் ஒட்டி, அதற்குள் வாயை வைத்து ஊதினார். கருகாமல் தப்பியிருந்த காதுத் துண்டை மறுமுனையில் பூட்டினார். ஊரார் எறிந்த பற்றறிகளைத் தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் வரிசையாக அடுக்கினார், பத்துச் செத்த பற்றறி சேர்ந்தால் இரண்டு உயிர்ப் பற்றறியின் வேலை செய்யும். முதலில் ஒரு கிழமை முழுக்கத் தன் காதிலேயே வைத்துச் சோதித்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேள்விப்பட்டு ஓடியபோது, சின்னவள் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் இருந்தபடி, காதுத் துண்டைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் கதைத்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அதிசயம், அவர் கதைத்தது. அந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, அவ்வளவு பாரம். ஆகவே சின்னவள் பின்னேரங்களில் கடைக்கு வந்துதான் கேட்கவேண்டும், கேட்பதற்கு யாராவது பேசவேண்டும். தாய் வயலில். மனிதர் என்னத்தைப் பேசுவார்? அவருக்குத் தெரிந்த ஒன்றைப் பேசினார். வேலை செய்தபடி, குனிந்தபடி, கடல். ஒருநாள் தாய் பள்ளிக்கு வந்து சிரிப்பும் அழுகையுமாக நின்றா. "காத்தைப் பாத்துச் சோளகம் எண்டுறாள் ரீச்சர். வயல்காரற்றை பிள்ளை, உழவு மெசினின்ரை முன்பக்கத்தைக் காட்டி அணியம் எண்டுறாள்." சோளகம் கடலில் போகிறவர்கள் தென்மேற்குக் காற்றுக்குச் சொல்லும் பெயர், அணியம் வள்ளத்தின் முன்பக்கம். ஆடு எப்போது திரும்பி வந்தது என்று கேட்டேன். அது எப்பவோ வந்திட்டுது என்றா.

அவருடைய கதையை உள்ளபடி, அவருடைய சாரத்தோடேயே நாலு பக்கம் கீறப்போகிறேன் என்று போனேன். மறுத்துவிட்டார். கீறுவதென்றால் அந்தச் சாமானைக் கீறுங்கோ, எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியும்படி கீறித் தாயிடம் கொடுத்து வையுங்கோ, பழுதானால் இன்னொருவர் பார்த்துச் செய்யலாம் என்றார். ஒரு வயரையும் விடாமல் கீறினேன். என் வாழ்க்கையில் நான் ஆறுதலாக, அவசரப்படாமல் கீறிய ஒரே படம் அது. நாலு நாள் எடுத்தது.

பிறகு ஒருநாள் கடைக்கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கரைப்பக்கம் திரும்பிப் போய்க் குடியிருக்கலாமாம் என்று கேள்விப்பட்டு விடியவே சைக்கிளில் போய்விட்டாராம். அந்தச் சாமானைச் சின்னவளின் வீட்டு வாசலில் சாக்கால் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குச் சொல்லவில்லை. அது எனக்கு வெகுநாள் சுட்டது. பிறகு நாங்களும் அங்கிருந்து எழும்பினோம். பிறகு வந்த ஒரு வருடத்தில் கடல் எழுந்து வந்து அந்தக் கரையை வழித்துக்கொண்டு போனது, அதற்குப் பிறகு மற்றது, கடைசிச் சண்டையும் வந்தது. நிலைமை ஆறியபின் அந்தப் பக்கம் போய் விசாரித்தேன். புருவத்தில் தழும்புள்ள, எஞ்சின் திருத்துகிற ஒருவர் என்று கேட்டேன். கண்டவர் ஒருவரும் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு அவரிடம் இடம் கிடைக்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் இருந்த இடத்தை விட்டு எழும்பி நடப்பேன்.

வாங்கிய புத்தகத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை சின்னவளின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தர்மபுரத்தில்தான் இருக்கிறாள், தையல் வேலை. காதுக்குப் பின்னால் கடலையளவில் ஒரு மெசின். பேச்சு முழுக்கத் தெளிவில்லை, பழகியவர்களுக்கு விளங்கும். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், கொடுத்தவுடன் பறித்துக்கொண்டு நிலத்தில் விரித்துவிட்டது. சின்னவளும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். மின்குமிழ்க்காரரின் பக்கம் வந்ததும் மகளின் கையைத் தடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, இவ்வளவு வயதாகியும் உங்களுக்கு முகம் சரிவரவில்லையே என்பது போலச் சிரித்தாள். துணியில் கோடு போடும் பென்சிலை எடுத்து, அந்த வழுவழுப்பான நெற்றியில், இடது புருவத்துக்கு மேல், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு கீறினாள்.

மகளுக்கு அவசரம். இரண்டு மூன்று தாளைத் தள்ளிவிட்டு, கருகிய குமிழ்கள் கிடந்த பக்கத்தைப் பார்க்காமலே கடந்து, வெளிச்சத்துக்குப் போகப் பார்த்தது. சின்னவள் தாளைத் திருப்பி, அந்தக் குவியலின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"பொறு" என்றாள்.

மகளுக்குத்தான் சொன்னாள். புரட்டுவதற்காக நீட்டியிருந்த என் கையை நானும் பின்னால் எடுத்துக்கொண்டேன்.